தெலுங்கு பப்டிஸ்ட் சபைகளின் ஆண்டறிக்கைகள்: திருகோணமலையில் அச்சிட்டுத் தைத்த மூன்று தொகுதிகள்

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், போட்டோ கொப்பி எடுப்பதையும் பாடசாலைக் கொப்பிகள் விற்பதையும் அன்றாடத் தொழிலாகக் கொண்ட சிறிய கடையொன்று, கணினியில் கிடைக்கும் பழைய நூல்களின் படக்கோப்புகளைத் தாளில் அச்சிட்டு, தைத்து, கெட்டி அட்டை போட்டுத் தருகிறது. எங்கள் சபை வாசிப்பு வட்டத்துக்காக அங்கே மூன்று தொகுதிகளைச் செய்வித்தோம். ஆந்திரக் கரையோரத்தில் தெலுங்கு பப்டிஸ்ட் சபைகள் தோன்றிப் பெருகி, பின்னர் தமக்கென ஒரு சபைச் சங்கத்தை அமைக்கும் நிலைக்கு வளர்ந்த காலத்து மிஷன் ஆண்டறிக்கைகளும் அவற்றோடு சேர்ந்த கடிதங்களுமே அத்தொகுதிகளில் உள்ளன. இத்தகைய வேலையை வேறு சபையினரும் செய்விக்க விரும்பக்கூடும் என்பதால், அந்தச் சேவையைப் பற்றியும், அதன் பயனாக எங்களுக்கு வாசிக்கக் கிடைத்தவை பற்றியும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் நகரம் நெடுங்காலமாக மெதடிஸ்த திருச்சபையையும் கத்தோலிக்கத் திருச்சபையையும் நன்கறிந்த நகரம். பப்டிஸ்ட் மிஷனின் ஜேம்ஸ் சேட்டர் 1812இலேயே, அதாவது வெஸ்லியன் எனப்பட்ட மெதடிஸ்த மிஷனரிமார் காலியில் வந்திறங்குவதற்கு 2 ஆண்டுகள் முன்னரே, கொழும்புக்கு வந்துவிட்டார். ஆயினும் அந்த மிஷனின் பணி பெரும்பாலும் கொழும்பையும் கண்டியையும் சூழ்ந்த சிங்கள மக்களிடையே நிலைகொண்டதால், கிழக்கிலங்கைத் தமிழருக்கு பப்டிஸ்ட் சபைகளின் அமைப்பும் வரலாறும் அவ்வளவு பழக்கமானவை அல்ல. ஒரு பப்டிஸ்ட் சங்கம் எவ்வாறு வளர்கிறது என்று எங்கள் வட்டத்து இளைஞர்கள் கேட்டபோது, தென்னிந்தியாவில், நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்த ஒரு வளர்ச்சியை மூல ஆவணங்களிலிருந்தே வாசிப்பது நல்லதென்று முடிவு செய்தோம். கைத்தொலைபேசித் திரையில் அவற்றை வாசிக்க முடியாது. நூறாண்டுக்கு முந்திய பொடி எழுத்தும் அகன்ற அட்டவணைகளும் தாளில் விரித்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

அட்டவணைகளைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தொகுதிகளின் தரத்தை நான் அளந்தது அவற்றைக் கொண்டுதான். பப்டிஸ்ட் முறையில் ஆயருக்கோ பேராயருக்கோ இடமில்லை. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தெரிந்து, தன் பணத்தைத் தானே சேர்த்து, தன் அங்கத்தவரைத் தானே ஏற்றும் நீக்கியும் நடத்துகிறது. சங்கம் என்பது அத்தகைய சபைகள் மனமொப்பிப் பிரதிநிதிகளை அனுப்பி உண்டாக்கிக்கொள்ளும் கூட்டமைப்பு. மேலிருந்து கட்டளையிட்டு அதனை வளர்க்க எவராலும் இயலாது. ஆகவே அங்கே வளர்ச்சி என்று நாம் எதைச் சொன்னாலும், அது எத்தனை சபைகள், எத்தனை அங்கத்தவர், எத்தனை உள்நாட்டுப் போதகர், எத்தனை பள்ளிக்கூடம், சபை மக்கள் தாமே கொடுத்த காணிக்கை எவ்வளவு என்ற நிரல்களை ஆண்டுக்கு ஆண்டு அருகருகே வைத்துப் பார்த்தால்தான் புலப்படும். பெரிய நாட்களின் கதை எவருக்கும் நினைவிருக்கும். நிரல்களை வாசிப்பவர் குறைவு. அந்த நிரல்கள் இரு பக்கங்களுக்குக் குறுக்கே விரிகையில், நடு மடிப்புக்குள் ஒரு வரிசை புதைந்துபோனால், புத்தகம் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

முதலில் கிடைத்த மாதிரிப் பிரதியில் அதுவே நேர்ந்தது. பக்கங்களின் உள் ஓரத்தில் போதிய இடம் விடாமல் அச்சிட்டு, முதுகில் சூடான பசை ஊற்றி ஒட்டியிருந்தார்கள். புத்தகத்தை அழுத்தி விரித்தால் பசை வெடிக்கிறது. அழுத்தாவிட்டால் காணிக்கை நிரலின் கடைசி இலக்கங்கள் தெரிவதில்லை. இதனை எடுத்துக்காட்டியபோது கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. பைண்டிங் வேலையைக் கவனிக்கும் முதியவரை உள்ளேயிருந்து அழைத்துக் காட்டினார். அவர் பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை ஒட்டக் கூடாது, தைக்க வேணும், அட்டவணையைத் தனித்தாளாக எடுத்து மடித்து வைத்தால் முழுதாக விரியும்" என்றார். அவ்வாறே மூன்று தொகுதிகளும் புதிதாகச் செய்யப்பட்டன. எட்டெட்டுத் தாள்களாக மடித்து, பருத்தி நூலால் நாடாவோடு சேர்த்துத் தைத்து, முதுகில் காலிக்கோத் துணி ஒட்டியிருக்கிறார். அட்டவணைகள் மட்டும் பெரிய தாளில் அச்சாகி, துணிப்பட்டியில் ஒட்டப்பட்டு, புத்தகத்துக்கு வெளியே முழுதாக விரியும்படி மடிக்கப்பட்டுள்ளன. மேசையில் வைத்தால் எந்தப் பக்கத்திலும் புத்தகம் தானாகத் திறந்து கிடக்கிறது. இவ்வளவு நல்ல கைவேலையை நம் நகரில் ஒருவர் இன்னமும் செய்கிறார் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

முதல் தொகுதி 1836 தொடக்கம் 1865 வரையுள்ள காலம். வாசிப்பதற்கு மெலிந்த தொகுதி, ஆனால் தவிர்க்கக் கூடாதது. அமெரிக்காவில் பப்டிஸ்ட் சபைகள் வெளிநாட்டு மிஷனுக்காக 1814இல் ஒன்றுகூடியதற்குக் காரணமானவர் அதோனிராம் ஜட்சன். அவரை 1812இல் கீழைநாடுகளுக்கு அனுப்பிய அமெரிக்கன் போர்ட் என்ற அமைப்பே, அவர், விசுவாசிப்பவர்களுக்கே முழுக்கு ஞானஸ்நானம் என்ற பப்டிஸ்ட் கொள்கையைத் தழுவி விலகிய பின்னர், 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் மிஷனரிமாரை அனுப்பியது. வட்டுக்கோட்டைக்கும் உடுவிலுக்கும் வந்த அதே ஊற்றிலிருந்து பிரிந்த இன்னொரு கிளையே தெலுங்கு நாட்டுக்கும் சென்றது என்பதை எங்கள் வட்டத்தில் பலர் அன்றுதான் அறிந்தார்கள். அமெரிக்க பப்டிஸ்ட் மிஷனரியான சாமுவேல் டே 1836இல் இந்தியாவை அடைந்து, சென்னையில் சில காலம் இருந்து, 1840இல் நெல்லூரில் குடியேறினார். அதன்பின் கால் நூற்றாண்டு நெல்லூர் ஒன்றே அந்த மிஷனின் நிலையம். 1853இல் ஆல்பனி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், பலன் தராத இந்த மிஷனை மூடிவிடலாமா என்று விவாதித்தார்கள். வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாக நின்ற காரணத்தால் அதற்குத் ‘தனி நட்சத்திரம்’ என்ற பெயர் நிலைத்தது அக்கூட்டத்திலிருந்துதான். மூடும் பேச்சு 1862இலும் திரும்ப எழுந்தது. லைமன் ஜூவெட் என்ற மிஷனரி, எவர் உதவாவிட்டாலும் தாம் திரும்பிப் போவதாக உறுதியாக நின்றதால் அது கைவிடப்பட்டது. இந்த ஆண்டுகளின் அட்டவணைகள் ஏறக்குறைய வெறுமையானவை. அந்த வெறுமையை ஆண்டாண்டாகத் தாள் புரட்டிக் காண்பதே ஒரு கல்வி. பின்னால் வந்த பெருக்கத்தை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு அது கிட்டாது.

இரண்டாம் தொகுதிக்காகவே இந்த முயற்சி முழுவதும் தகும். 1866இல் அதே மிஷனின் ஜான் கிளவ் நெல்லூரிலிருந்து வடக்கே ஓங்கோலுக்குச் செல்கிறார். 1867 ஜனவரி 1ஆம் திகதி அங்கே 8 பேருடன் சபை அமைகிறது. அதற்குச் சற்று முன்னரே, தோல் வியாபாரியான எர்ரகுண்ட்ல பேரய்யா ஞானஸ்நானம் பெற்றிருந்தார். தோல் பதனிடுவதும் செருப்புத் தைப்பதும் குலத்தொழிலாக விதிக்கப்பட்ட மாதிகா மக்களைச் சேர்ந்தவர் அவர். வியாபாரத்துக்காக ஊரூராகப் போனவர். பல ஊர்களில் உறவினர் உடையவர். மிஷனரி ஒருவர் குதிரை வண்டியில் போய்ச் சேர முடியாத இடங்களுக்குச் சுவிசேஷச் செய்தியைக் கொண்டுபோனவை இவரைப் போன்றவர்களின் உறவுமுறையும் வியாபாரப் பாதைகளும்தான். அறிக்கை எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். ஆதலால் முன்னிலையில் நிற்பது அவர்களுடைய பெயர்களே. ஆனால் கடிதங்களின் இடையிடையே வரும் தெலுங்குப் பெயர்களையும் ஊர்களையும் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டே வாசித்தால், வேலையைச் சுமந்தவர்கள் யார் என்பது மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. 1872இல் ராமபட்டணத்தில் இறையியல் பள்ளி தொடங்கப்பட்டதன் காரணமும் அப்போது விளங்குகிறது. பெருகி வந்த ஊர்ச் சபைகளுக்கு அந்த ஊர் மக்களிலிருந்தே போதகர் வேண்டியிருந்தனர்.

பின்னர் பஞ்சம். 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆயிரமாயிரமாக மக்கள் வந்திறங்கியதும் அதே பஞ்சத்தில்தான். கரையோரத்தில் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த பக்கிங்காம் கால்வாயில் சில மைல் நீளப் பகுதியைக் கிளவ் ஒப்பந்தத்துக்கு எடுத்து, பட்டினியால் வாடியவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். அவர் நில அளவைத் தொழிலறிந்தவர். வேலைத்தலத்தில் மேற்பார்வை பார்த்தவர்கள் சபையின் தெலுங்குப் போதகர்களே. அந்தக் காலம் முழுவதும், சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாதென்று, கேட்டு வந்த எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் அவர் நிறுத்திவைத்திருந்தார். நிவாரணம் முடிந்தபின் 1878 ஜூன் மாதத்தில் அதனைத் திரும்பத் தொடங்கியபோது மக்கள் திரண்டு வந்தார்கள். ஜூலை 3ஆம் திகதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அதனைக் கொடுத்தவர்கள் தெலுங்குப் போதகர் 6 பேர்; ஒரு நேரத்தில் இருவராக ஆற்றில் இறங்கி, களைத்தபோது அடுத்த இருவர் இறங்க, நாள் முழுதும் நடந்தது. 1877இல் ஏறக்குறைய 3,000 பேராக இருந்த ஓங்கோல் சபையின் தொகை, 1878 முடிவில் 12,000ஐயும், 1880களின் தொடக்கத்தில் 20,000ஐயும் தாண்டியது. உலகில் அன்றிருந்த பப்டிஸ்ட் சபைகளில் அதுவே மிகப் பெரியது.

ஆனால் அந்த ஆண்டுகளின் மடிப்புத் தாளை விரித்து வைத்துப் பார்க்கும்போது என் கண் நின்றது அந்தப் பெருந்தொகையில் அன்று. நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்த 20,000 பேர் ஒரே சபையாக எழுதப்பட்டிருந்தார்கள். அவர்கள் ஓரிடத்தில் கூடிக் கர்த்தருடைய பந்தியில் அமரவே இயலாது. ஆகவே 1883ஐ ஒட்டிய காலத்திலிருந்து அந்த ஒரு பெரிய சபை பல சபைகளாகப் பிரிக்கப்படுகிறது. அங்கத்தவர் எண்ணிக்கை பெரிதும் மாறாமலே சபைகளின் நிரல் நீள்கிறது. என் எண்ணத்தில் தெலுங்குச் சங்கத்தின் உண்மையான பிறப்பு இந்தப் பிரிப்பிலேதான் இருக்கிறது. ஆற்றங்கரையில் நடந்தது பெருக்கம். ஊருக்கு ஊர் ஒரு சபை, அதற்கு ஒரு போதகர், அதற்கென்று ஒரு காணிக்கைப் பெட்டி என்று பிரிந்து நின்ற பிறகே, அந்தச் சபைகள் தம் விருப்பத்தின்படி ஒன்றுகூடி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சங்கமாக அமைய முடிந்தது. பஞ்சத்தில் வந்தவர்கள் பஞ்சத்தோடு போய்விடுவார்கள் என்று அன்று பலர் கருதினார்கள். போகவில்லை என்பதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் தாள்களே சான்று. இதைக் கண்டபோது எங்கள் வட்டத்தில் எழுந்த உரையாடல் இரவு வெகுநேரம் நீண்டது. மாதிகா மக்களுக்கு அந்தச் சபை ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரு பெயரையும் ஊர்க் கட்டாய வேலைக்கு எதிராகப் பேசும் வாயையும் கொடுத்தது என்பதை, சாதியின் சுமையை அறிந்த எந்தத் தமிழ்ச் சபையும் மனமுருகாமல் வாசிக்க முடியாது.

இந்தத் தொகுதியில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். 1870களின் சில பக்கங்கள் மூலக் கோப்பிலேயே மங்கலாக இருந்தன. அவற்றைக் கறுமையாக்கி அச்சிட்டதில், 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாத இடங்கள் உள்ளன. எண்களே உயிரான ஒரு புத்தகத்தில் இது சிறிய குறையன்று. அச்சிடுவதற்கு முன் அத்தகைய பக்கங்களைக் குறித்துக் காட்டினால் வேறு பிரதியின் கோப்பைத் தேடித் தந்திருப்போம். கடையில் அந்த வழக்கம் இல்லை. கூட்டுத்தொகையை நாங்களே கூட்டிப் பார்த்துச் சரியான இலக்கத்தைப் பென்சிலால் எழுதிக்கொண்டோம்.

மூன்றாம் தொகுதி 1920களின் நடுப்பகுதி வரை வருகிறது. வேறு நாட்டு மிஷன்களும் இதில் குறுக்கிடுகின்றன. அமெரிக்க மிஷனோடு வேலைசெய்த கனடிய நாட்டவரான மக்லாரின், தாமஸ் கேபிரியேல் என்ற தெலுங்கு ஊழியரின் அழைப்பை ஏற்று 1874இல் காக்கிநாடாவில் தனி மிஷனொன்றைத் தொடங்கியதால், வடக்குக் கரையோரத்துச் சபைகள் வேறொரு சங்கமாக வளர்ந்தன. எனவே தெலுங்கு நாட்டின் பப்டிஸ்ட் தொகை முழுவதையும் இந்த அட்டவணைகளில் தேடக் கூடாது. இத்தொகுதியில் என்னை மிகவும் ஈர்த்தது தென்னாபிரிக்கப் பகுதி. நேட்டால் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தெலுங்கர்களுக்காக, தெலுங்குச் சபைகளின் உள்நாட்டு மிஷன் 1903இல் ஜான் ரங்கய்யாவை அனுப்பியது. அவர் அங்கே சபைகளைக் கட்டி, 1914இல் நேட்டால் இந்திய பப்டிஸ்ட் சங்கம் உருவாகக் காரணமானார். அரை நூற்றாண்டுக்கு முன் மூடிவிடலாமா என்று விவாதிக்கப்பட்ட மிஷனின் பிள்ளைகள் தம் சொந்தக் காணிக்கையில் கடல் கடந்து ஊழியரை அனுப்புகிறார்கள். ஒரு சங்கம் வளர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் அறியேன். நமது மலையகத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, தோட்டத்தில் வேலை செய்யும் மக்களைத் தேடி அவர்களுடைய மொழி பேசும் ஒருவர் வந்ததன் பெறுமதி தனியாக விளக்கப்பட வேண்டியதில்லை.

அச்சங்கம் மிஷனின் கையிலிருந்து முற்றாக விலகி, 1962இல் நெல்லூரைத் தலைமையிடமாகக் கொண்ட தெலுங்கு பப்டிஸ்ட் சபைகளின் சமாவேசமாக, அதாவது பேரவையாக, அமைந்த காலம் இத்தொகுதிகளில் இல்லை. அதற்குக் காரணம் கடைக்காரரின் நேர்மை. பிற்கால அறிக்கைகளின் கோப்புகளையும் நாங்கள் எடுத்துச் சென்றிருந்தோம். பதிப்புரிமை முடியாதவற்றை முழு நூலாக அச்சிட மாட்டேன் என்று அவர் திட்டமாகச் சொல்லிவிட்டார். அப்போது சிலருக்கு வருத்தமாக இருந்தது. எனக்கு அவர்மீது மதிப்பு உயர்ந்தது. திருச்சபை வரலாற்றை எழுதுவதற்கு உதவும் புத்தகம் பிறர் உரிமையை மீறிச் செய்யப்பட்டிருக்கலாகாது.

தமிழ்ப் பொருளடக்கமும் ஊர்ப்பெயர் அகராதியும் நாங்கள் எழுதிக் கொடுத்தவை. கடையில் தட்டச்சுச் செய்து ஒவ்வொரு தொகுதியின் முன்னும் சேர்த்திருக்கிறார்கள். எழுத்துரு தெளிவானது, எழுத்துப் பிழை மிகக் குறைவு. ஆங்கிலம் சரளமாக வாசிக்க முடியாதவர்களும் இந்தப் பொருளடக்கத்தைக் கொண்டு அட்டவணைகளைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால், இப்படிச் சில பக்கங்களை எவரும் சேர்த்துக்கொள்வது மிகவும் பயன் தரும்.

கடலோர நகரில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு வாடைக் காலத்து ஈரமும் இராமபாணப் பூச்சியும் தெரிந்த பகைவர்கள். மாப்பசையில் மயில்துத்தம் கலந்தே பைண்டிங் செய்வதாக முதியவர் கூறினார். கடந்த மழைக்காலத்தின் பின் எடுத்துப் பார்த்தபோது அட்டை வளையவில்லை, பூச்சியும் அண்டவில்லை. ரெக்சின் உறை மட்டும் ஈரத்தில் சற்றுப் பிசுபிசுக்கிறது. துணி உறை கேட்டால் போட்டுத் தருவார்கள், அதையே கேட்க வேண்டும். தாள் வெண்மை மிகுந்த சாதாரணத் தாள். இளமஞ்சள் தாள் கிடைத்திருந்தால் நீண்ட நேரம் வாசிக்கும் கண்ணுக்கு இதமாயிருந்திருக்கும்.

விலை பக்கக் கணக்கில் வருகிறது. தையலுக்கும் மடிப்புத் தாள்களுக்கும் தனியாகச் சேர்க்கிறார்கள். ஒட்டு பைண்டிங்கை விடத் தையல் கணிசமாக அதிகம். ஆனால் இதே அறிக்கைகளின் பழைய பிரதிகளை வெளிநாட்டுப் புத்தகக் கடைகளில் தேடி வாங்கினால், தபாற் செலவே இதைத் தாண்டிவிடும். சிறிய சபையொன்று ஓராண்டுக்கு ஒரு தொகுதியாகச் செய்வித்தாலும் தாங்கக்கூடிய செலவே இது. பணத்தில் பாதியை முன்கூட்டியே கேட்கிறார்கள். பரீட்சைக் காலங்களில் மாணவர்களின் வேலை குவிவதால் தாமதம் ஏற்படும். சொன்ன நாளிலிருந்து எங்களுக்கும் பிந்தியே கிடைத்தது.

கோப்புகளைக் கொடுக்கும்போதே, தையல் வேண்டும் என்பதையும், உள் ஓரத்தில் அகன்ற இடம் விட வேண்டும் என்பதையும், எந்தெந்தப் பக்கங்களை மடிப்புத் தாளாக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதிரி மடிப்பைப் பார்த்து, இலக்கங்கள் தெளிவாக உள்ளனவா என்று உறுதி செய்த பின்னரே முழு வேலைக்கும் சம்மதம் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்விக்க இயலாதவர்கள் இரண்டாம் தொகுதியை முதலில் செய்வியுங்கள், அதன் பின் மூன்றாவதை. எங்கள் பிரதிகளைப் பார்க்க விரும்பும் சபையினருக்கு, அவை வாசிப்பு வட்டத்தின் அலுமாரியில் இருக்கின்றன. மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வந்தவர்கள் இதற்குள்ளேயே அந்த 1883ஆம் ஆண்டுத் தாளை விரித்து வைத்துக் குறிப்பெடுத்துச் சென்றிருக்கிறார்கள்.